யாப்பு, வரி, நோக்கு: கவிதை எங்கே தொடங்குகிறது?

'படியில் பயணம் நொடியில் மரணம்' என்ற வாசகத்தைப் பேருந்தில் பார்க்காத தமிழர் இருக்க முடியாது. அதை யாப்பிலக்கணப்படி அலகிட்டுப் பாருங்கள், ஒரு குறையும் சொல்ல முடியாது. நான்கு சீர், நான்கும் புளிமா. மாவை அடுத்து நிரை வருவதால் இயற்சீர் வெண்டளை எங்கும் பிசகவில்லை. முதற்சீரிலும் மூன்றாம் சீரிலும் இரண்டாம் எழுத்து ஒத்து வருகிறது, அது பொழிப்பு எதுகை. முதல் இரண்டு சீரும் பகரத்தில் தொடங்குகின்றன, அது இணைமோனை. பயணம், மரணம் என்று இயைபும் இருக்கிறது. வெண்பாவின் முதலடியாக வைத்தால் எந்தப் புலவரும் தடை சொல்ல மாட்டார். ஆனாலும் போக்குவரத்துக் கழகம் கவிதை எழுதியிருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

நேர்மாறானதும் உண்டு. எந்தப் பாவிலும் அடங்காத, எதுகை மோனையைத் தேடினாலும் கிடைக்காத எழுத்தை அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கவிதை என்றே படித்து வருகிறோம். பாடநூலில் வைக்கிறோம், சாகித்திய அகாதெமி விருதும் கொடுக்கிறோம். யாப்பு முழுதாக இருந்தும் ஒன்று கவிதையாகவில்லை, யாப்பே இல்லாமல் இன்னொன்று கவிதையாகிவிட்டது. இந்தச் சிக்கல் புதுக்கவிதையோடுதான் தமிழில் தொடங்கியது என்று பலரும் நினைக்கிறார்கள். அது மிகப் பழையது.

அச்சு வருவதற்கு முன்பு அறிவின் பெரும்பகுதி மனப்பாடத்தில்தான் வாழ்ந்தது. மனத்தில் நிற்க வேண்டுமானால் ஓசைக்கட்டு வேண்டும். அதனால் அகராதியும் செய்யுளாயிற்று. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டு விருத்தத்தில் இருக்கிறது, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் அதை உருப்போட்டார்கள். கணக்கைக் கணக்கதிகாரம் செய்யுளில் சொல்லிற்று. சூரணம், மெழுகு, பற்பம் செய்யும் முறைகளைச் சித்தர் பெயரிலான பாடல்கள் சொல்லின. இலக்கண நூலான நன்னூலும் நூற்பாவில்தான் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் இராசராசனின் வெற்றிகளைச் சொல்லும் மெய்க்கீர்த்தி அகவல் ஓசையில் ஓடும்; அது முடிந்து கொடை விவரம் தொடங்கியதும் கல்வெட்டு உரைநடைக்கு இறங்கிவிடும். அரசனின் புகழ் அழியக் கூடாது என்பதற்கு ஓசை. கணக்குத் தவறக் கூடாது என்பதற்கு உரை. இரண்டிலுமே கவித்துவம் தேடி யாரும் அந்தச் சுவர்முன் நிற்பதில்லை.

கிரேக்கத்தில் அரிஸ்டாட்டிலும் இதையே கவனித்தார். எம்பெடோக்ளிஸ் இயற்கைத் தத்துவத்தைச் செய்யுளில் எழுதினார், ஹோமரும் செய்யுளில் எழுதினார். யாப்பைத் தவிர இருவருக்கும் பொதுவாக ஒன்றும் இல்லை என்றார். ஹெரோடோட்டஸின் வரலாற்றை யாப்பில் கட்டினாலும் அது வரலாறாகவே இருக்கும் என்பதும் அவர் வாதம். ஆக, செய்யுள் வேறு கவிதை வேறு என்பது இன்று நேற்றுக் கண்டுபிடித்த சங்கதி அல்ல.

தொல்காப்பியத்துக்கு வருவோம். செய்யுளியல் என்றால் அசை, சீர், தளை என்று கணக்குப் போடும் இயல் என்றுதான் நம்மில் பலருக்கு நினைப்பு. பள்ளிக்கூடம் கற்பித்தது அப்படி. உள்ளே போய்ப் பார்த்தால் வேறு கதை. யாப்பு வழங்கும் இடங்கள் என்று தொல்காப்பியர் ஏழைச் சொல்கிறார்: பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல். பாட்டு அந்த ஏழில் ஒன்று, அவ்வளவுதான். உரைநடையும் விடுகதையும் பழமொழியும் அதே பந்தியில் உட்கார்ந்திருக்கின்றன. பாட்டு நீங்கலான ஆறுக்கும் அடிவரையறை கிடையாது என்றும் அவரே சொல்லிவிடுகிறார்.

செய்யுளின் உறுப்புகள் 34 என்பது அவர் கணக்கு. கடைசியில் உள்ள வனப்பு எட்டும் நூல் முழுவதையும் பற்றியவை. அவற்றை ஒதுக்கினால் மிஞ்சுவது 26. மாத்திரை, எழுத்து, அசை, சீர் என்று தொடங்கி அளவியல் வரை 12, பின்னால் வரும் வண்ணம் ஒன்று, ஆக 13. இவற்றில் பெரும்பாலானவை காதுக்குரியவை. நடுவில் இருக்கும் 13 எவை? திணை, கைகோள், கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம், பொருள், துறை, மாட்டு. யார் பேசுகிறார், யார் கேட்கிறார், எந்த இடத்தில், எந்தப் பொழுதில், எதைச் சொல்லாமல் விட்டார், சொல்லாததைக் கேட்பவர் எப்படி உணர்ந்தார் என்பதெல்லாம் அதில் அடக்கம். சரிபாதி உறுப்புகளுக்கு ஓசையோடு சம்பந்தமே இல்லை. யாப்புக்காக வாதாடுகிறவர்கள் தொல்காப்பியரைச் சாட்சிக்கு அழைக்கும்போது இந்தப் பாதியை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறார்கள் என்பது என் மனத்தாங்கல்.

ஓசை உறுப்புகளுக்கு இடையில் பத்தாவதாக 'நோக்கு' என்று ஒன்று நிற்கிறது. மாத்திரை முதல் அடி வரை எல்லா உறுப்பும் சேர்ந்து, கேட்டவனை மறுபடியும் திரும்பிப் பார்க்க வைப்பது என்று அதைப் புரிந்துகொள்ளலாம். உரையாசிரியர்களுக்கும் இது சுலபமாகப் பிடிபட்ட உறுப்பு அல்ல. சீரை எண்ணலாம், அடியை அளக்கலாம். நோக்கை எண்ண முடியாது. ஆனால் இந்த 34இல் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் எடுத்துக்கொள்வேன்.

அகநானூற்றின் நான்காம் பாட்டை எடுத்துக்கொள்வோம். குறுங்குடி மருதனார் பாடியது, முல்லைத் திணை. கார்காலம் வந்துவிட்டது, வருவதாகச் சொன்ன தலைவன் இன்னும் வரவில்லை, தோழி தலைவியைத் தேற்றுகிறாள். தலைவனின் தேர் காட்டு வழியே வருவதை வருணிக்கும்போது, பூக்களில் துணையோடு தேனுண்ணும் வண்டுகள் கலங்கிவிடக் கூடாது என்று அவன் தேர்மணிகளின் நாவைக் கட்டிவிட்டான் என்ற செய்தி வருகிறது. முதல் வாசிப்பில் அது அழகான ஒரு காட்சி, தலைவனின் மென்மைக்கு ஒரு சான்று. பாட்டு முடிந்த பிறகுதான் இது யார் யாரிடம் சொன்னது என்ற நினைவு வருகிறது. வண்டின் கூடல் கலையக் கூடாது என்று பதறுகிறவன் உன் துயரைப் பொறுப்பானா என்பதுதான் தோழி சொல்லாமல் சொன்னது. அந்தக் கேள்வி பாட்டில் எங்குமே இல்லை. கூற்று, கேட்போர், எச்சம், முன்னம் என்ற அந்த நான்கு உறுப்புகளும் சேர்ந்துதான் அதைப் பிறப்பிக்கின்றன. திரும்பிப் போய்ப் படித்தால் மணியைப் பற்றிய வரி பழைய வரியாக இல்லை. இன்னொன்றும் இருக்கிறது: மணி ஒலிக்காத தேர் வந்து சேர்வது அவள் காதில் விழாது. அவன் ஏற்கனவே பக்கத்தில் இருக்கலாம். இதையெல்லாம் உரைநடையில் விளக்க எனக்கு இத்தனை வாக்கியம் தேவைப்பட்டது.

வடமொழி மரபு யாப்புச் சிக்கலை ஆரம்பத்திலேயே வெட்டிவிட்டது. காவியத்தைப் பத்தியம், கத்தியம், இரண்டும் கலந்தது என்று பிரித்த தண்டி காஞ்சிப் பல்லவர் அவையோடு தொடர்புடையவர். பாணபட்டரின் காதம்பரி முழுக்க உரைநடை. அதைக் காவியம் அல்ல என்று சொன்ன வடமொழிப் பண்டிதர் இல்லை. 9ஆம் நூற்றாண்டில் காசுமீரத்து ஆனந்தவர்த்தனர், சொல்லின் நேர்ப்பொருளுக்கு அப்பால் தொனிக்கும் பொருளே காவியத்தின் உயிர் என்றார். தொல்காப்பியரின் எச்சத்துக்கும் முன்னத்துக்கும் இது தூரத்து உறவு. தண்டியின் நூல் தமிழில் தண்டியலங்காரமாக வந்தது. நம் புலவர்கள் அதிலிருந்து அணிகளை ஆசையாக எடுத்துக்கொண்டார்கள், உரைநடையும் காவியமாகலாம் என்பதை மட்டும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இத்தனைக்கும் சிலப்பதிகாரத்திலேயே உரைப்பாட்டு மடை உண்டு. பெருந்தேவனாரின் பாரதத்தில் வெண்பாவுக்கு நடுவே உரைநடை வரும்.

இனி வரிக்கு வருவோம். ஓலைச் சுவடியில் செய்யுள் வரி வரியாக இராது. ஓலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை எழுத்தாணி ஒரே ஓட்டமாக ஓடும். புள்ளி இராது, சொல்லுக்குச் சொல் இடைவெளி இராது, மூலம் எங்கே முடிந்து உரை எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாத சுவடிகளும் உண்டு. அடி எங்கே முடிகிறது என்று கண் சொல்லாது, காதுதான் சொல்ல வேண்டும். உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சிட்டபோது வாசகன் கண்ணுக்குத் தெரிந்த அடிகள், எதுகையையும் சீர்க்கணக்கையும் பிடித்துக்கொண்டு பதிப்பாசிரியர் மீட்டெடுத்தவை. ஏட்டில் சிதைந்துபோன இடங்களில் அச்சில் புள்ளிகள் இருக்கின்றன. இங்கே இத்தனை சீர் காணவில்லை என்று காட்டிக்கொடுத்தது யாப்புதான். யாப்பின் உண்மையான உதவியை அறிய அந்தப் புள்ளிகளைப் பார்த்தால் போதும்.

இன்று நிலைமை தலைகீழ். காது விலகிக்கொண்டது, தாளில் வரி உடைந்திருந்தால் அது கவிதை என்று கண் தீர்ப்புச் சொல்கிறது. இந்த மாற்றத்தின் தொடக்கத்தில் நிற்பது வால்ட் விட்மன் 1855இல் வெளியிட்ட புல்லின் இதழ்கள். அவர் வரிகள் நீண்டவை, மூச்சுக் கணக்கில் அமைந்தவை. விட்மனைப் படித்து வியந்து எழுதிய பாரதி, காட்சி முதலான எழுத்துகளில் அந்த வழியைத் தொட்டுப் பார்த்தார். அவை இன்று அவர் தொகுதிகளில் 'வசன கவிதை' என்ற தலைப்பில் இருக்கின்றன. ஜப்பானியக் கவிதையின் சுருக்கம் பற்றியும் அவர் 1916இல் சுதேசமித்திரனில் எழுதினார். 1934இல் மணிக்கொடியில் ந. பிச்சமூர்த்தி 'காதல்' எழுதினார். எதிர்ப்பு உடனே வந்தது. பிறகு ஏறக்குறைய கால் நூற்றாண்டு மந்தம்.

1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா எழுத்து இதழைத் தொடங்கிய பிறகுதான் சண்டை சூடுபிடித்தது. 1962இல் அவர் தொகுத்த புதுக்குரல்கள் அந்தச் சண்டையின் ஆவணம். பண்டிதர்கள் ஒரு பக்கம் இலக்கணம் தெரியாதவர்களின் எழுத்து என்றார்கள். முற்போக்கு விமர்சகர்கள் இன்னொரு பக்கம் தனிமனிதப் புலம்பல் என்றார்கள். 1971இல் கோவையிலிருந்து வானம்பாடி இதழ் வந்தபோது புதுக்கவிதை மேடை ஏறியது, கைதட்டல் வாங்கியது. அதோடு அதுவரை இல்லாத ஒரு நோயும் ஒட்டிக்கொண்டது: ஒரு முழக்கத்தை நான்காக மடித்து எழுதினால் கவிதை. எழுத்துக்காரர்கள் காதை மறந்தார்கள் என்றால், மேடைக்காரர்கள் கேட்டவனைத் திரும்பிப் பார்க்கவே விடவில்லை.

இந்தக் கதையை நாம் சென்னை, கோவை என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இலங்கையில் நடந்தது வேறு. மஹாகவி என்ற பெயரில் எழுதிய து. உருத்திரமூர்த்தியும் முருகையனும் நீலாவணனும் யாப்பை உதறவில்லை. யாப்புக்குள் பேச்சோசையைக் கொண்டுவந்தார்கள். சீர்க்கணக்கு பிசகாத பாவை, பேச்சின் நிறுத்தம் பார்த்து உடைத்து அச்சிட்டார்கள். கண்ணுக்கு அது புதுக்கவிதை, காதுக்கு மரபு. லிமரிக்கைத் தமிழுக்கு இழுத்து வந்து 1966இல் 'குறும்பா' என்று ஒரு நூலும் தந்தார் மஹாகவி. யாப்பா, உடைப்பா என்று தமிழ்நாடு இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்ற அதே ஆண்டுகளில், கடலுக்கு அந்தப் பக்கம் அந்தப் பிரிவே தேவைப்படவில்லை. இங்கேயும் ஞானக்கூத்தனின் பல கவிதைகள் யாப்போசையிலேயே நடந்தன. அதைக் கவனித்தவர்கள் குறைவு.

வரி உடைந்தால் கவிதை என்பதை அதன் கடைக்கோடி வரை இழுத்துப் பார்த்தவர் அமெரிக்க விமர்சகர் ஸ்டான்லி ஃபிஷ். 1971இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஒரே வகுப்பறையில் அவருக்கு அடுத்தடுத்து இரண்டு வகுப்புகள். முதல் வகுப்பு மொழியியல் பற்றியது. அடுத்த பாடத்துக்குப் படித்துவர வேண்டிய ஆசிரியர்களின் பெயர்களைக் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தார்: ஜேக்கப்ஸ், ரோசன்பாம், லெவின், தோர்ன், ஹேஸ், ஓமன். கடைசிப் பெயருக்கு எத்தனை 'ன்' என்ற சந்தேகத்தில் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தார். இரண்டாம் வகுப்பு 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சமயக் கவிதை. மாணவர்கள் வருவதற்குள் பட்டியலைச் சுற்றிக் கட்டம் போட்டுப் பக்க எண் ஒன்றும் எழுதிவிட்டு, இது நீங்கள் படிக்கும் வகைக் கவிதை, விளக்குங்கள் என்றார். மாணவர்கள் விளக்கித் தள்ளிவிட்டார்கள். ஜேக்கப்ஸ் என்பது யாக்கோபின் ஏணி. ரோசன்பாம் ரோஜா மரம், அது கன்னி மரியாள். தோர்ன் இயேசுவின் முள்முடி.

கவிதை தாளில் இல்லை, படிக்கும் சமூகத்தின் பழக்கத்தில் இருக்கிறது என்று ஃபிஷ் முடிவு கட்டினார். பாதிதான் சரி என்பேன். கவிதை என்று நம்பிப் படித்தால் எதிலும் ஏதோ கிடைக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பட்டியலை இன்று யாராவது கவிதையாகப் படிக்கிறார்களா? அந்தச் சம்பவத்தைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சொன்னேன். பெயர்களை வரிசை மாற்றிக் கொடுத்திருந்தாலும் மாணவர்கள் இதே விளக்கத்தைச் சொல்லியிருப்பார்கள். அகநானூற்றுப் பாட்டில் மணியைக் கட்டிய செய்தியை எடுத்துவிட்டுப் பாருங்கள், பாட்டு நொண்டும்.

ஆகவே நான் கையாளும் சோதனை எளியது. வரி உடைத்த கவிதையை உரைநடைபோல ஒரே ஓட்டமாக எழுதிப் பார்ப்பது. பிரமிளின் 'காவியம்' உதிர்ந்த இறகைப் பற்றிய சின்னக் கவிதை. திருகோணமலையிலிருந்து வந்த அந்த மனிதர் எழுதியதிலேயே பலருக்கும் மனப்பாடமானது அதுதான். இலக்கணப்படி பார்த்தால் அது ஒரே ஒரு வாக்கியம். எழுவாய், பயனிலை எல்லாம் முறையாக உள்ள வாக்கியம். வரிகளைச் சேர்த்து எழுதினாலும் உயிர் போகவில்லை. இறகில் தொடங்கிய கண், வாக்கியம் முடிந்ததும் மறுபடி இறகுக்கே போகிறது, இந்த முறை அது வேறு இறகு. இதழ்களுக்கு வந்து குவியும் கவிதைகளில் பெரும்பகுதி இந்தச் சோதனையில் துணுக்குச் செய்தியாகக் கரைந்துவிடும். மோனை அடுக்கிய மேடைப் பேச்சும் அப்படித்தான்: கேட்கும்போது இனிக்கும், திரும்பிப் போய்ப் பார்க்க அங்கே எதுவும் இராது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு இருக்கிறது. திரும்பிப் பார்க்க வைப்பதுதான் கவிதை என்றால் மௌனியின் கதைகளும் லா.ச.ராமாமிர்தத்தின் பத்திகளும் கவிதைதானே? புதுமைப்பித்தன் மௌனியைச் சிறுகதையின் திருமூலர் என்று சொன்னதே அதனால்தானே? அந்தப் பத்திகளைத் தனியே எடுத்து வைத்தால் கவிதை என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. கதைக்குள் இருக்கும்போது அவை நம்மை அடுத்த வாக்கியத்துக்கு அனுப்பியாக வேண்டும், ஏனென்றால் அங்கே பொழுது நகர்கிறது, யாரோ எங்கோ போகிறார்கள். கவிதைக்கு அந்த அவசரம் இல்லை. எல்லைக்கோடு இதைவிடத் துல்லியமாக விழும் என்று நான் நம்பவில்லை.

திரைப்பாடல் கவிதையா என்ற பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வம் குறைவு. பாப் டிலனுக்கு 2016இல் நோபல் கொடுத்ததோடு உலகம் அதை ஒருவாறு முடித்துவிட்டது. மெட்டுக்கு எழுதுவதும் யாப்புக்கு எழுதுவதும் ஒரே வகைக் கட்டுப்பாடு. பாட்டுக்குப் பாட்டு பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தமிழர் கவிஞர் என்றதும் நினைக்கும் பாரதிதாசனுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது பிசிராந்தையார் என்ற நாடகத்துக்கு. கண்ணதாசனுக்குச் சேரமான் காதலி நாவலுக்கு. வைரமுத்துவுக்குக் கள்ளிக்காட்டு இதிகாசம் நாவலுக்கு. மூன்று கவிஞர்கள், ஒரு நாடகம், இரண்டு நாவல்கள்.

யாப்பில்லாமலும் கவிதை உண்டு என்ற என் கட்சிக்கு டி.கே. சிதம்பரநாத முதலியார் வேறு துருவம். உருவம் இல்லாமல் கவி இல்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். திருநெல்வேலியில் அவர் வீட்டு வட்டத்தொட்டியில் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுபவிப்பார்கள். கம்பராமாயணத்தில் தம் காதுக்கு ஒவ்வாத பாடல்களைக் கம்பனுடையவை அல்ல என்று அவர் தள்ளியபோது அறிஞர்கள் கொதித்தார்கள், நியாயமாகவே கொதித்தார்கள். பதிப்பாசிரியராக அவர் செய்தது தவறு. வாசகராக அவர் செய்தது சரி: யாப்பு குறையில்லாமல் இருந்தும் ஒரு பாட்டு கவியாகாமல் போகலாம் என்பதை யாப்பின் பெரிய காதலர் ஒருவரே ஒப்புக்கொண்ட இடம் அது.

இன்றைக்கும் பத்தாம் வகுப்பு மாணவர் குறளை அலகிட்டு வாய்பாடு எழுதுகிறார். 'நயம் பாராட்டுக' என்ற வினாவுக்கு மோனை நயம், எதுகை நயம், இயைபு நயம் என்று துணைத்தலைப்புப் போட்டுக் கோடிட்டு மதிப்பெண் வாங்குகிறார். அதே முறையில் பேருந்து வாசகத்துக்கும் முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். அலகிடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. அது காதுக்குப் பயிற்சி, வேண்டியதுதான். அதோடு, இதை யார் யாரிடம் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விட்டார், இரண்டாம் முறை படித்தபோது எந்தச் சொல் மாறித் தெரிந்தது என்ற மூன்று கேள்விகளையும் தமிழாசிரியர்கள் வகுப்பில் கேட்க வேண்டும். மூன்றும் செய்யுளியலில் உள்ளவைதான். பாடத்திட்டக் குழுவிடம் புதிதாக அனுமதி வாங்க வேண்டியதில்லை.